பாதையின்மை: ஒருவருக்கு விளையாட்டு, இன்னொருவருக்கு வாழ்க்கை

மதுரையிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் வெகுதூரம் போவதற்குள் ஏதாவதொரு மலை குறுக்கே வந்து நிற்கும். வடகிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை, தெற்கே திருப்பரங்குன்றம், வடக்கே அழகர்மலை, அதற்கப்பால் சிறுமலை. உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிவிட்டால் தேனி, போடி, கம்பம் ஊர்களுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலச் சுவராக எழுந்துவிடும். இப்படி அமைந்த ஊரில், ‘ஃபோர் வீல் டிரைவ்’ வண்டி வைத்திருப்பவர்கள் குழுவாகச் சேர்ந்து வார இறுதிகளில் மலைத்தடங்களைத் தேடிப் போவதில் வியப்பில்லை. ஆனால் நம் இலக்கிய வட்டங்களில் இது குறித்துப் பேச்சே எழுவதில்லை. பயண இலக்கியம் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், கண்முன்னே உருவாகிவரும் ஒரு பயணமுறையைப் ‘பணக்காரர் விளையாட்டு’ என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்குவது சோம்பேறித்தனம் என்பது என் எண்ணம். இந்த விளையாட்டுக்குள் நாம் பேசியே ஆகவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது.

முதலில் அந்த வார இறுதி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை விடியுமுன் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் புறவழிச்சாலையில் கூடும். 2010-இல் வந்த தாரும் 2020-இல் மறுவடிவம் பெற்ற தாரும்தான் மிகுதி. நடுவே ஒரு பழைய ஜிப்சி, புதிய ஜிம்னி; தாத்தா காலத்து ஜீப்பை மூத்த பிள்ளையைப் போலப் பேணுகிறவர் ஒருவராவது இருப்பார். இழுவைக் கயிறு, மண்வாரி, காற்றழுத்தமானி, இரண்டு நாள் சோற்றுக்கான சாமான்கள். உசிலம்பட்டியில் தேநீர், தேனியில் காலை உணவு. அதற்குப் பிறகு தார்ச்சாலை முடிகிற இடம் ஒன்று வரும். எல்லோருக்கும் பயணம் முடிகிற அந்த இடத்தில்தான் இவர்களுக்குப் பயணம் தொடங்குகிறது. இறங்கி டயரில் காற்றைக் குறைக்கிறார்கள். கியருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு நெம்புகோலை நகர்த்துகிறார்கள். எந்திரத்தின் விசை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து போகத் தொடங்குகிறது.

இரண்டு முறை இத்தகைய பயணங்களில் பின்னிருக்கையில் அமர்ந்து போயிருக்கிறேன். அதில் இன்பமில்லை என்று சொன்னால் அது பொய். நெடுஞ்சாலையில் நாம் நிலத்தைப் பார்ப்பதே இல்லை; கடக்கிறோம், அவ்வளவுதான். மலைத்தடத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முகம் இருக்கிறது. எந்தப் பாறையில் முன்சக்கரத்தை ஏற்றுவது, எந்தப் பள்ளத்தை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே விட்டுக் கடப்பது என்று ஓட்டுநர் தரையை வாசித்தபடியே போகிறார். முன்னே ஒருவர் இறங்கி நடந்து கைகாட்டுகிறார். ஒருவர் வண்டி சேற்றில் மாட்டினால் எல்லோரும் நிற்கிறார்கள். இந்தக் கவனமும் தோழமையும் போலியானவை அல்ல.

என் கேள்வி வேறு. இந்த இன்பத்தின் மூலப்பொருள் எது? பாதை கெட்டுக் கிடப்பதுதான். தார் போட்டுவிட்டால் அந்தத் தடம் இவர்களுக்குச் செத்துவிட்டது. அடுத்த தடத்தைத் தேடவேண்டும். ஆனால் அதே தடத்தின் மேல்முனையில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊருக்குப் பாதையின்மை என்பது பிரசவ வலி கண்ட பெண்ணைத் தோளில் தூக்கிவரவேண்டிய தூரம். ஒரே கல், ஒரே பள்ளம், ஒரே சேறு. சனி ஞாயிறு அது சாகசம், திங்கள் முதல் வெள்ளி வரை அது தண்டனை. இந்த இரண்டு மனிதர்களும் ஒரே தடத்தில் எதிரெதிரே சந்திக்கும்போது என்ன நடக்கவேண்டும்?

*

ஜீப் இந்த மலைகளுக்கு விளையாட வரவில்லை. இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்காவில் பிறந்த வண்டி அது. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கிய பிறகு, காவல்துறைக்கும் வனத்துறைக்கும் அடுத்தபடியாக அதைத் தனதாக்கிக்கொண்டது தோட்டத் தொழில். தேனி மாவட்டத்தின் மேற்கு ஊர்களில் அதிகாலையில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் எனப் பல ஊர்களிலிருந்து இருட்டு விலகுமுன்னே ஜீப்புகள் கிளம்பும். தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், கூலிவேலை முடித்து, பொழுது சாயும்போது அதே வண்டியில் இறங்குவார்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றுவதும், வளைவில் வண்டி கவிழ்வதும், மறுநாள் செய்தித்தாளில் ஐந்து வரிச் செய்தி வருவதும் அந்த ஊர்களுக்குப் பழகிப்போனவை.

நம் குழுக்களில் சிறந்த ஓட்டுநர் என்று பெயரெடுத்தவர் எவரும் இந்தத் தோட்ட ஜீப் ஓட்டுநர்களிடம் ஒரு வாரம் பாடம் கேட்கலாம். பனிமூட்டத்தில், மழையில், பின்னால் பதினைந்து உயிர்களை வைத்துக்கொண்டு, தேய்ந்த டயரோடு அவர்கள் ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் அதைச் சாகசம் என்று அழைப்பதில்லை, ‘லோடு’ என்கிறார்கள்.

இந்தத் தடங்களும் சுமைக்காகவே உண்டானவை. போடிக்கு மேலே குரங்கணி, அதற்கு மேலே கேரள எல்லையில் டாப் ஸ்டேஷன். மலையேறுபவர்களுக்கும் வண்டிக்குழுக்களுக்கும் மிகவும் பிரியமான பகுதி. அந்த ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பவர் குறைவு. மூணாறுத் தேயிலையை வெளியே கொண்டுவர 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டித்தடம் அமைத்தார்கள். 1908-இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறியது. அதன் மேல்முனைதான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கோட்டகுடிக்கு இறங்கின. பிறகு போடிக்கு வந்து உலகச் சந்தைக்குப் போயின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் ரயில் அழிந்தது. பின்னாளில் கம்பிவடமும் போயிற்று. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன. அந்தப் பெயர்களுக்கு அடியில், பெயர் பதிவாகாத பல்லாயிரம் கூலிகளின் கால்தடம் இருக்கிறது. பி.எச். டேனியலின் நாவல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்தபோது நாம் அதைக் கொண்டாடினோம். அது வால்பாறைப் பக்கத்துக் கதை. போடி மலைகளுக்கு அப்படியொரு நாவல் இன்னும் காத்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சாகசமும் அறியாமையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே குரங்கணிதான் நமக்குக் காட்டியது. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வண்டியில் போனவர்கள் அல்லர், நடந்தவர்கள்தாம். ஆயினும் பாடம் எல்லோருக்கும் பொதுவானது. கோடையில் அந்தச் சரிவின் புல் எப்படிப் பற்றும், காற்று எந்த நேரத்தில் திசை மாறும் என்பது மேலே வாழ்கிறவர்களுக்குத் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது. அன்று ஹெலிகாப்டர்கள் வருமுன்னே புகைக்குள் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள். போர்வையையே தூளியாக்கித் தூக்கினார்கள். அவர்களுக்கு அது புதிய வேலையன்று. தங்கள் ஊர் நோயாளிகளை அப்படித்தானே காலம் காலமாகத் தூக்கிவருகிறார்கள்!

*

தேர்தல் வந்தால் நம் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் ஒரு படம் உண்டு. குதிரை முதுகில் வாக்குப்பதிவு எந்திரம். நத்தத்துக்கு அருகேயுள்ள லிங்கவாடி மலையூரும் போடிப் பகுதி மலைக்கிராமங்களும் அந்தப் படத்தில் மாறிமாறி வரும். ஜனநாயகத்தின் அழகு என்று தலைப்பிடுவார்கள். எந்திரத்தைச் சுமந்து ஏறும் அதே தடத்தில்தான் ரேஷன் அரிசியும் சிமெண்டு மூட்டையும் பிணமும் போகின்றன என்பது படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. கொடைக்கானலின் கீழ்மலையில் உள்ள வெள்ளகவியும் இப்படித்தான். ஒரு காலத்தில் கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் அவ்வூர் வழியேதான் போனார்கள். பிறகு மலைக்கு மோட்டார் சாலை வேறு பக்கமாகப் போடப்பட்டது. பழைய வழியில் இருந்த ஊர், தலைமுறைகளாக வழியில்லாத ஊராகிப்போனது. அங்கே ஊருக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை என்ற வழக்கத்தைப் பயணக் கட்டுரைகள் வியந்து எழுதுகின்றன. செருப்பில்லாமல் எத்தனை மைல் இறங்கினால் மருத்துவரைப் பார்க்கலாம் என்று அவை கணக்குப் போடுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ‘அப்படியானால் எல்லா மலையூருக்கும் தார்ச்சாலை போட்டுவிடலாமா? சாலை போனால் பின்னாலேயே விடுதி போகும், மரக்கடத்தல் போகும், குப்பை போகும். காடு என்ன ஆகும்?’ மறுப்பில் உண்மை இருக்கிறது. மேகமலை 2009-இல் சரணாலயமானது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமானது. வருசநாட்டு மலைகளில்தான் வைகை பிறக்கிறது. அந்தக் காடு மெலிந்தால் மதுரையின் குடிநீர் மெலியும். ஆனால் இதற்குச் சட்டம் ஒரு நடுவழி வகுத்திருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களின் பள்ளிக்கூடம், மருந்தகம், சாலை போன்ற அடிப்படைத் தேவைகளுக்காக, ஒவ்வொரு பணிக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான நிலத்தை, எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் பயன்படுத்திக்கொள்ள இடம் தருகிறது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அதாவது, தேவை யாருடையதோ அவர்களே கூடிப் பேசி, அளவோடு கேட்பதற்கான வழி. நகரத்திலிருந்து வரும் வண்டிக்கு அப்படி எந்த அளவும் இல்லை, எந்தச் சபையும் இல்லை.

இதுதான் எனக்கு முரணாகத் தெரிகிறது. மலையில் பிறந்தவர் ஓர் ஆம்புலன்ஸ் வருமளவுக்குப் பாதை கேட்டால் மனுக்கள், கூட்டு ஆய்வுகள், ஆண்டுகள். நகரத்தவர் பாதையே இல்லாத இடத்தில் சக்கரத்தை ஏற்றினால் அது ‘எக்ஸ்ப்ளோரிங்’. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படியே குற்றம். சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. பொறுப்பான குழுக்கள் அனுமதி பெற்றே போகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அனுமதித்தாள் வனத்துறையிடம் வாங்குவது. மேலே இருக்கும் ஊரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

*

சக்கரம் நிலத்தை என்ன செய்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். காய்ந்த கல்தடத்தில் கவனமாக ஓட்டப்படும் வண்டி பெரிய கெடுதல் எதையும் செய்துவிடுவதில்லை. ஈரமண்ணில் கதை வேறு. சுழலும் டயர் மேல்மண்ணைக் கிழித்து இரட்டை வாய்க்காலை உண்டாக்குகிறது. அடுத்த மழையில் நீர் அதையே வழியாகக் கொள்கிறது. வாய்க்கால் ஆழமாகிறது. அடுத்து வரும் வண்டி அதில் இறங்கப் பயந்து பக்கத்தில் புதிய தடம் போடுகிறது. ஐந்தடித் தடம் இருபதடிக் காயமாக விரிவது இப்படித்தான். வருசநாட்டுச் சரிவில் கிழிந்த மண் எங்கே போகும்? 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் வயிற்றில் போய்ப் படியும். அந்த அணைக்காக நிலம் இழந்தவர்களின் கதையை வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாச’மாக எழுதினார். அவ்வளவு விலை கொடுத்துக் கட்டிய அணை வண்டலால் தூர்வதில் நம் டயரின் பங்கு ஒரு துளிதான் என்று வாதிடலாம். துளியென்றாலும் பங்கு பங்குதான்.

வெளிநாடுகளில் இந்த விளையாட்டு முதிர்ந்துவிட்டதால் அங்கே சில ஒழுங்குகள் பிறந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மலைத்தடங்கள் பலவற்றை ஆண்டுதோறும் ஜூன் மாதத்திலிருந்து அக்டோபர் வரை, அதாவது அவர்களுடைய குளிர்கால ஈரப்பருவத்தில், பூட்டி வைக்கிறார்கள். மண் காய்ந்த பிறகே கதவு திறக்கும். வண்டிக்குழுக்களே முன்வந்து விழுந்த மரங்களை அகற்றுகின்றன, தடங்களைச் செப்பனிடுகின்றன. அமெரிக்காவில் 1985-இல் வனத்துறையே ‘மெல்ல மிதி’ என்ற பொருளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. நம் மலைகளுக்கும் இரண்டு பூட்டுக்காலங்கள் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலம் ஒன்று. மாசி முதல் புல் காய்ந்து தீக்குக் காத்திருக்கும் காலம் மற்றொன்று. தீக்காலத்தில் மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதியை நிறுத்திவைக்கிறது. வண்டிக்குழுக்கள் அரசாணைக்குக் காத்திராமல் இரண்டையும் தாமே விரதமாக ஏற்கலாம்.

சக்கரம் கடந்துபோன பிறகு தங்கிவிடுவது மண்காயம் மட்டுமன்று. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதையைப் படித்தவர்கள் காட்டில் உடைந்து கிடக்கும் பீர் புட்டியை அதற்குப் பிறகு பழைய கண்ணால் பார்த்திருக்க முடியாது. அந்தக் கதையை வண்டிக்குழுக்கள் புறப்படுமுன் ஒருமுறை வாசிக்கவேண்டும் என்று விதியே செய்யலாம். அரை மணி நேரந்தான் ஆகும்.

*

மலையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் மதுரைச் சமவெளி கோபித்துக்கொள்ளும். வெயில் காலத்தில் வறண்ட கண்மாயும் வைகைப் படுகையும் வண்டிக்காரர்களுக்கு ஆடுகளமாகின்றன. தண்ணீர் இல்லாத கண்மாய் சும்மா கிடக்கும் இடம் என்பது நகரத்துக் கண்ணுக்குத்தான். ஊர்க்காரனுக்கு அது கிடைபோடும் நிலம், மேய்ச்சல், வண்டல். கண்மாய்க்கரை வண்டிப்பாதையாகத் தோன்றலாம். மண்ணைக் கொட்டி மனிதரும் மாடுகளும் மிதித்து இறுக்கிய கரை அது. அதன்மேல் இரண்டு டன் வண்டி விளையாட்டாக ஏறி இறங்கினால், மழைக்காலத்தில் கரை எங்கே கசியும் என்று மடைக்காரர்தான் இரவெல்லாம் விளக்கோடு பார்த்து நிற்கவேண்டும்.

மதுரையைச் சுற்றியுள்ள சமணக்குன்றுகள் இன்னொரு பாடம் சொல்கின்றன. மாங்குளம், கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, கீழவளவு என ஊர்தோறும் பாறையில் கற்படுக்கைகளோ, தமிழி எழுத்துகளோ, தீர்த்தங்கரர் சிற்பங்களோ இருக்கின்றன. மாங்குளத்துக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. 1882-இல் ராபர்ட் சிவெல் அதைக் கண்டறிந்தார். இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த எழுத்து தப்பியதற்கு ஒரு காரணம், அங்கே நடந்துதான் ஏறமுடியும் என்பது. சக்கரம் ஏறிய குன்றுகள் என்ன ஆயின என்பதை மேலூர்ப் பக்கம் போனால் காணலாம். கிரானைட் லாரிகள் போட்ட தடங்களின் முடிவில் குன்று இருந்த இடத்தில் பள்ளமும் பச்சைத் தண்ணீரும் இருக்கின்றன. அந்த முறைகேடுகளை விசாரிக்க 2014-இல் உயர் நீதிமன்றம் உ. சகாயத்தை நியமிக்க வேண்டியிருந்தது.

அரிட்டாபட்டியோ தப்பித்தது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது மேலூர் வட்டாரமே திரண்டது. 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரை நோக்கிப் பேரணியாக வந்தார்கள். அதே மாதத்தில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தக் குன்றுகளை அவ்வூரார் காலால் அறிந்திருந்தார்கள். எந்தச் சுனை எப்போது வற்றும், எந்தப் பாறையில் ராஜாளி கூடு வைக்கும் என்று அறிந்தவர்களால்தான் இது எங்களுடையது என்று சொல்ல முடிந்தது. யானைமலையில் சிற்பநகரம் அமைக்கும் திட்டத்தை 2010 வாக்கில் ஊர்மக்கள் எதிர்த்து நின்ற நாட்களையொட்டி எழுந்த ‘பசுமை நடை’, எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணனின் முன்முயற்சியில் மதுரைக்காரர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் குன்றுகளுக்கு நடத்திச் சென்றது. தொல்லியல் அறிஞர் வெ. வேதாசலம் கல்வெட்டைப் படித்துக்காட்டப் பள்ளிப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அதுவும் வார இறுதிதான். செலவு ஒரு பேருந்துக் கட்டணம்.

நடப்பவரே உயர்ந்தவர், ஓட்டுபவர் தாழ்ந்தவர் என்று தீர்ப்பெழுத நான் முனையவில்லை. முழங்கால் தேய்ந்தவரும் கைக்குழந்தைக்காரியும் மலையைப் பார்க்கவேண்டாமா? வண்டி நல்ல கருவி. கருவி எங்கே நிற்கவேண்டும் என்பதில்தான் பண்பாடு தெரிகிறது.

*

இந்தப் பயணங்களில் எனக்கு உள்ளபடியே வருத்தம் தருவது, வழியிலுள்ள சிற்றூர்களை இவர்கள் நடத்தும் விதம். உசிலம்பட்டி என்றால் தேநீர், வத்தலக்குண்டு என்றால் டீசல், போடி என்றால் கழிப்பறை. மலையேறும் அவசரத்தில் ஊர்கள் பின்கண்ணாடியில் கழிகின்றன. வத்தலக்குண்டில் ஒரு மணி நேரம் நின்றால் என்ன? ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயர், ‘மணிக்கொடி’யை நடத்திய பி.எஸ். ராமையா, 1959-இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பா ஆகிய மூவரின் ஊர் அது. தமிழ் நாவலும் சிறுகதையும் புதுக்கவிதையும் ஒரே சிற்றூருக்கு இவ்வளவு கடன்பட்டிருப்பது வேறெங்கும் உண்டா? போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. விலை கணினித் திரையில் ஏறி இறங்குகிறது. அதே ஊரில் பெண்கள் தரையில் உட்கார்ந்து காய்களைத் தரம் பிரிக்கிறார்கள். விடிகாலை ஜீப்பில் ஏறிப் போனவர்கள் பறித்த காய் அது. சிறுமலையில் எலுமிச்சை மூட்டையும் வாழைத்தாரும் குதிரை முதுகில் இறங்கிவந்ததைப் பார்த்தவருக்கு, நான்கு சக்கரத்துக்கும் விசை என்பது மனிதன் கண்டுபிடித்ததன்று, நான்கு கால்களிடம் கற்றது என்று தோன்றும். மேகமலைச் சாலையின் கொண்டையூசி வளைவுகளுக்குப் பூக்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். எத்தனை வண்டிகள் நின்று அந்தப் பலகைகளைப் படிக்கின்றன?

ஆகவே என் கோரிக்கைகள் சிலவே. தடம் முடிகிற இடத்தில் சக்கரம் முடியட்டும், புதுத்தடம் வெட்டவேண்டாம். மலையடிவாரத்துக்கு மேல் அந்த ஊர் ஓட்டுநர் ஒருவரை முன்வண்டியில் அமர்த்திக் கூலி கொடுங்கள். கொழுக்குமலை போன்ற இடங்களில் சூரியநெல்லி ஜீப்காரர்கள்தான் ஆளை ஏற்றிச்செல்கிறார்கள். அது வெளியூரானுக்குத் தொல்லை என்று முணுமுணுப்பவர்கள், அந்த ஏற்பாட்டால் எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்று எண்ணட்டும். கூடாரச் சாமான் அத்தனையையும் மதுரையிலேயே கட்டிக்கொண்டு போகாமல் அரிசியும் காயும் போடியில் வாங்குங்கள். மேலே உள்ள ஊரின் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்; அவர்கள் ‘இந்த வாரம் வேண்டாம்’ என்றால் அதுவும் ஓர் அனுமதி மறுப்புதான்.

இன்னும் ஒன்று. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மற்ற வண்டிகள் போகமுடியாத இடங்களுக்கு இத்தகைய ஆஃப்ரோடு வண்டிக்காரர்கள் மீட்புப்பணிக்கும் நிவாரணப் பொருள் கொண்டுசெல்லவும் போனார்கள். சேற்றில் ஓட்டக் கற்றது அன்று பயன்பட்டது. பொழுதுபோக்காகச் சேர்த்த திறமை பொதுச்சொத்தாகும் தருணம் அது. மதுரைக் குழுக்களிடம் வண்டி இருக்கிறது, கயிறு இருக்கிறது, தடம் தெரியும், வேறெவரிடமும் இல்லாத கைத்திறன் இருக்கிறது. நத்தத்து மலையூர்க்காரர்களிடமும் போடி மலைக்காரர்களிடமும் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, ‘நடுநிசியில் தூளி கட்டவேண்டி வந்தால், வண்டி ஏறக்கூடிய தூரம்வரை நாங்கள் வருகிறோம்’ என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்த அழைப்பு வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓர் இரவுக்குப் பிறகு, மற்ற சனிக்கிழமைகளில் அதே தடத்தில் ஏறும்போது எதிரே சுமையோடு இறங்குகிறவர் ஒதுங்கி நிற்கமாட்டார். கைகாட்டி நிறுத்தி, மேலே மழையா வெயிலா என்று சொல்லிவிட்டுப் போவார்.